நடு நாற்காலியைப் பார்த்துக் குரைத்த நாய்

முன்னொரு காலத்தில், சாரல் விழும் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒருத்தி ஆவுடை. ஒருவர் அவள் கணவர் குற்றாலிங்கம், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது, மௌனம்.

மௌனம் அந்த வீட்டில் பிறந்ததல்ல. வந்து சேர்ந்தது. வந்த நாள் ஆவுடைக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வீடு நிறைய விருந்தாளிகள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பழைய கதையை எடுத்து விட்டாள்.

"மறுவீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை, எங்க வீட்டு நாயைப் பார்த்ததும் ஒரே ஓட்டமா ஓடி வைக்கோல் படப்பு மேல ஏறிக்கிட்டாக. பட்டு வேட்டியோட. எங்கப்பா கீழ நின்னுக்கிட்டு, 'மாப்பிள்ளே, பலகாரத்தை மேல கொடுத்து விடவா'ன்னு கேட்டாக."

கூடம் சிரித்தது. குற்றாலிங்கம் சிரிக்கவில்லை.

"உன் வாய்க்கு ஒரு பூட்டே கிடையாதா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சிரிப்பு அடங்கிய இடைவெளியில் விழுந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

ஆவுடை வாயைப் பூட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லாரும் வெளியே போகும்போது ஒன்று மட்டும் உள்ளே வந்தது. அதற்குச் செருப்பு இல்லை. காலடியும் இல்லை. வாசலில் மரியாதையாக நின்று, "ஒரு வேளை இருந்துவிட்டுப் போகிறேன்" என்றது. மௌனம் பேசும்போது உதடு அசையாது. நம் மனசே ஏதோ நினைத்துக்கொண்டது போல இருக்கும்.

கூடத்தில் அவள் நாற்காலிக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் இன்னொரு நாற்காலி கிடந்தது. மௌனம் அதில் உட்கார்ந்துகொண்டது.

ஒரு வேளை ஒரு நாளாயிற்று. நாள் மாதமாயிற்று. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். அவள் எப்போதும் போல ஏதாவது ஆரம்பிக்கட்டும் என்று அவர் இருந்தார். மௌனம் இருவருக்கும் நடுவில் சாய்ந்து உட்கார்ந்து, இந்தப் பக்கம் திரும்பி, "முதலில் பேசுகிறவர் தோற்றவர்" என்றது. அந்தப் பக்கம் திரும்பி, அதையே சொன்னது.

ஏழு வருஷம் ஓடிப்போயிற்று.

இரண்டாவது வருஷம் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. சாரலில் நனைந்து, கதவுக்கு அடியில் நுழைந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. கருப்பட்டி நிறம். பெயரும் அதுவே ஆயிற்று. வளர்க்கலாமா வேண்டாமா என்று கணவனிடம் கேட்க வேண்டுமே. ஆவுடை குட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏல கருப்பட்டி, நான் இங்க இருக்கட்டுமான்னு அவுககிட்ட கேளுல."

குட்டி பதினோரு அடி நடந்து அவர் முன்னால் போய் நின்று ஒரு தரம் குரைத்தது.

"இருந்துட்டுப் போ. அவகிட்ட சொல்லு," என்றார் குற்றாலிங்கம்.

குட்டி திரும்பி வந்து அவள் முன்னால் ஒரு தரம் குரைத்தது. வாலை ஆட்டியது.

அப்படித்தான் ஆரம்பித்தது. 'சாப்பாடு ஆறுதுன்னு சொல்லுல.' 'மோர் போதும்னு சொல்லு.' 'கண்ணாடி ஜன்னல்ல இருக்குன்னு சொல்லுல.' ஒரு சேதிக்கு ஒரு குரைப்பு. கருப்பட்டி அந்த வேலையைத் தலைமேல் வைத்துச் செய்தது. தபால்காரருக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை உண்டு, அதற்கு இல்லை.

ஆனால் நாளாக நாளாக, கூடத்துக்குக் கேட்காதபடியும் சில சேதிகள் வந்தன. அவர் வெளியே போயிருக்கும்போது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, ஆவுடை முணுமுணுப்பாள். முடிவில் பழக்கத்தில், "சொல்லுல" என்று சேர்த்துவிடுவாள். அவள் குளிக்கப் போயிருக்கும்போது அவரும் நாயின் காதைத் தடவிக்கொண்டு ஏதோ சொல்வார் போல. அவளுக்குத் தெரியாது. நாய்க்குத் தெரியும். 'சொல்லு' என்றால் சொல்ல வேண்டும். அந்தப் பேச்செல்லாம் ஒரு குரைப்பில் அடங்குகிற பேச்சாக இல்லை. இரண்டிலும் அடங்கவில்லை. இருபதிலும் அடங்கவில்லை.

ஏழாவது வருஷம், கருப்பட்டி விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை குரைத்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர்தான் முதலில் வந்தாள்.

"ஆவுடையக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுல டியூஷன் எடுக்கிறது நானா உங்க நாயான்னு பிள்ளைகளுக்கே சந்தேகம் வந்துட்டு. எட்டாம் வாய்ப்பாடு பூராவும் லொள்ளு லொள்ளுன்னே சொல்லுதுக."

"என்ன செய்யச் சொல்லுதே டீச்சர்? தின்னுட்டுதான் குரைக்கு."

"நடக்க வைங்க. அலுத்துப்போனா படுத்துரும். எலும்பு கிலும்பு வாங்கிப் போடுங்க. கத்தும்போது நீங்களும் சேர்ந்து கத்தாதீங்க, தனக்குத் துணைக்கு ஆள் வந்துட்டுன்னு நினைச்சுக்கும்."

"எங்க வீட்டுலயா? கத்தவா?" என்றாள் ஆவுடை.

குற்றாலிங்கம் காலையில் நாயை நாலு தெரு நடத்திக் கூட்டி வந்தார். அவர் தொப்பைதான் குறைந்தது. எலும்பு போட்டார்கள். அது எலும்பைக் கொண்டுபோய் நடு நாற்காலியின் காலடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து, அந்த நாற்காலியைப் பார்த்துக் குரைத்தது.

மனிதர்கள் பேசாத வீட்டில் பொருள்கள் பேசத் தொடங்கிவிடும். அந்த வீட்டிலும் அப்படித்தான். ஆவுடைக்கு மட்டும் அது காதில் விழும்.

முதலில் ஒரு தகரம் வந்தது. தெருவைப் பார்த்துத்தான் நாய் குரைக்கிறது என்று கம்பிக் கதவை மறைத்து அதை அடித்து வைத்தார்கள்.

"இனி கவலை விடுங்க," என்றது தகரம். "கண்ணு பார்த்தாத்தானே வாய் குரைக்கும். ஒரு கொசு தெரியாது என் வழியா."

மூன்றாம் நாள் அதே தகரம் சுருதி குறைந்து பேசியது. "அம்மா, நான் தெருவை மறைச்சேன். அது தெருவைப் பார்க்கவே இல்லையே. முதுகைத்தான் எனக்குக் காட்டிக்கிட்டு நிக்கு."

பிறகு சங்கிலி வந்தது. பழைய இரும்பு, கனத்த பேச்சு.

"எத்தனை நாயைப் பார்த்திருக்கேன். நாய்னா வெளிய இழுக்கும். அதான் நாய் புத்தி. ரெண்டு நாள் இழுத்துப் பார்த்துட்டு ஓஞ்சுரும்."

இரண்டு நாள் கழித்து, சங்கிலி தூணில் சுற்றிக்கொண்டு அவளைக் கூப்பிட்டது. "இது வெளிய இழுக்கல தாயி. உள்ள இழுக்கு. அந்த நடு நாற்காலியில இருக்கிறது யாரு?"

"யாரும் இல்ல," என்றாள் ஆவுடை.

"யாரும் இல்லாத நாற்காலியில எதுக்குக் குழி விழுந்திருக்கு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பிரம்பு நாற்காலி. அவள் உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார்ந்ததில்லை. நடுவில் பிரம்பு கீழே தொங்கிப்போயிருந்தது, நல்ல கனமான ஆள் ஒருவர் பல வருஷம் உட்கார்ந்தது போல.

அன்று மத்தியானம், தலைவலி என்று அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது மௌனம் பேசியது. அன்பாகத்தான் பேசியது. "கட்டிப் போட்டால் போதுமா? வாய் அல்லவா குரைக்கிறது? வாயை மூடு."

அவள் மனசே நினைத்தது போல இருந்தது. மறுநாள் சந்தையிலிருந்து ஒரு தோல் வாய்க்கூடு வந்தது. அதற்குப் பேச்சே குறைவு. "மூடுவது என் வேலை," என்று மட்டும் சொல்லிவிட்டு நாயின் முகத்தில் ஏறிக்கொண்டது.

குரைப்பு நின்றது.

எதிர்வீட்டில் டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆவுடை நாற்காலியில் சாய்ந்து, அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் கேட்கவில்லை.

அதன்பிறகு மௌனம் பெருத்துக்கொண்டே வந்தது.

இத்தனை நாள் அதன் எதிரே நின்று விரட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு குரல்தான் போலிருக்கிறது. அது அடங்கியதும் மௌனத்துக்குப் பசி வந்துவிட்டது. முதலில் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கைத் தின்றது. முள் நகரும், சத்தம் இருக்காது. பிறகு தாளிக்கும் கடுகின் வெடிப்பைத் தின்றது. பிறகு அவள் கால் மெட்டி தரையில் படும் ஓசையை. குற்றாலிங்கத்தின் இருமலை. அவர் தோள் குலுங்குவது தெரியும், அவ்வளவுதான்.

ஒரு நாள் தண்ணீர் மொள்ளுகிற பித்தளைப் போணி அவள் கையிலிருந்து நழுவியது. சமையல்கட்டுப் படியில் மூன்று முறை மோதி உருண்டது. ஒரு ஓசையும் இல்லை. பஞ்சு உருண்டது போல இருந்தது.

அன்று சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு ஆவுடை தட்டுகளைப் பார்த்தாள். மூன்று இருந்தன. மூன்றாவதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. குற்றாலிங்கம் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? சாப்பிட்டு முடிந்தபின் மூன்றாவது தட்டில் சோறு அப்படியே இருந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். உப்பு இல்லை, புளி இல்லை. சோற்றை விட்டுவிட்டு ருசியை மட்டும் யாரோ தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

நாய் மூலையில் படுத்திருந்தது. அதன் விலா மட்டும் விட்டு விட்டு ஏறி இறங்கியது. வெளியே வராத ஒவ்வொரு குரைப்புக்கும் ஒரு உலுக்கல்.

"பாவம், பார்த்தாயா?" என்றது மௌனம். "வாய்தான் மூடியிருக்கிறது. தொண்டை துடிக்கிறது. உள்ளே ஒரு நரம்பு இருக்கும், சின்னது. அதை எடுத்துவிட்டால் அதற்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

அது இரக்கம் போலவே இருந்தது. ஆவுடை தன் இரக்கம் என்றே நினைத்தாள்.

தெற்குத் தெருவில் வைரவன் என்று ஒருவர் இருந்தார். ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பார். கோயில் கொடை விழாவில் கிடா வெட்டுவதும் அவர்தான். அவரைக் கூப்பிடலாமா என்று கணவனிடம் கேட்க வேண்டும். நாயோடு பேசுகிற குரல் மட்டும் அப்போது அவளுக்கு மிச்சமிருந்தது. கேட்பதற்கு வேறு வழி அவளுக்குப் பழக்கமில்லை.

"ஏல கருப்பட்டி," என்று கூப்பிட்டாள். நாய் எழுந்து வந்து காதைத் தூக்கியது. "வைரவனை வரச் சொல்லி, உன் தொண்டையில இருக்கிற நரம்பை எடுத்துரலாமான்னு, அவுககிட்ட கேளுல."

நாய் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. பதினோரு அடி நடந்து அவர் முன்னால் போய் நின்றது. குரைக்க முடியாது. நிமிர்ந்து பார்த்தது.

குற்றாலிங்கம் பேப்பரைத் தாழ்த்தினார். நாயின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். அவருடைய வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. கடைசியில், "அவ இஷ்டம்னு சொல்லு," என்றார்.

நாய் பதினோரு அடி திரும்பி வந்தது. அவள் முன்னால் நின்றது. சேதியைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட திருப்தியில், ஒரு தரம் வாலை ஆட்டியது.

அவருக்கும் இது வேண்டும்தான் போல என்று ஆவுடை நினைத்தாள். அவளுக்கு இது வேண்டுமாம் என்று குற்றாலிங்கம் நினைத்தார். வியாழக்கிழமை காலை வைரவன் வருவதென்று ஆயிற்று.

புதன்கிழமை மத்தியானம் சோறு வைப்பதற்காக அவள் வாய்க்கூட்டைக் கழற்றினாள். அது அவள் மடியில் கிடந்து மூச்சு வாங்கியது.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"மூடுறதுதானே உன் வேலை?" என்று மனசுக்குள் கேட்டாள்.

"அதான் சொல்லுதேன். மூட முடியல. இந்த வாயில எனக்கு இடமே இல்ல. உள்ள பூராவும் பேச்சாக் கிடக்கு. அடுக்கு அடுக்கா, நெல்லு மூட்டை மாதிரி. 'கால் வீங்கியிருக்கே, காட்டினாகளான்னு கேளுல.' 'அந்தப் பச்சைத் துண்டு அவுகளுக்கு எடுப்பா இருக்குன்னு சொல்லுல.' 'நான் செத்துக்கித்துப் போனா நாயோடதான் பேசுவாகளான்னு கேளுல.' இதெல்லாம் உங்க குரல்தானே?"

அவையெல்லாம் அவள் தரையைப் பார்த்துச் சொன்னவை.

"அதுக்கு அடியில இன்னொரு அடுக்கு இருக்கு," என்றது வாய்க்கூடு. "அது ஆம்பளைக் குரல்."

அவள் வாய்க்கூட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். "என்ன சொல்லுது?"

"திறக்கிறது என் வேலை இல்லம்மா. ஒண்ணு மட்டும் தெரியும். நாளைக்கு அந்தத் தொண்டையை அறுத்தா, அத்தனையும் அங்கயே கிடந்து மக்கிப் போகும்."

ஆவுடை எழுந்தாள். நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 'ஏல, வேண்டாம்னு சொல்லுல. வைரவன் வர வேண்டாம்னு அவுககிட்ட சொல்லுல.' உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் கடைசிக் குரலையும் மௌனம் தின்றிருந்தது. நாய் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. சேதி எதுவும் வராததால் அது எங்கும் போகவில்லை. சாயங்காலம் குற்றாலிங்கம் பழக்கத்தில் வாய்க்கூட்டை மறுபடி மாட்டிவிட்டார்.

நடு நாற்காலியில் பிரம்பு மெல்ல இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

வியாழக்கிழமை காலை சாரல் பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் தூறல் விழுவது தெரிந்தது, கேட்கவில்லை. வைரவன் துணிச்சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் வெளியாள் என்பதால் அவர் குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"என்ன இது, எழவு வீடு மாதிரி இருக்கு. அங்ககூட அழுவாக," என்றார். "நாய் எங்க? இதானா? அம்மாவுக்குச் சம்மதம்தானே?"

ஆவுடை வாயைத் திறந்தாள். நடு நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவள் வாயைப் பொத்தியது. கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்த கை. "முதலில் பேசுகிறவர் தோற்றவர்," என்றது மௌனம். "ஏழு வருஷம் ஜெயித்துவிட்டு இன்றைக்கா தோற்கப்போகிறாய்?"

அவள் கண்ணை மட்டும் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் வாயும் பாதி திறந்து நின்றது. அவர் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்த வெளுப்பு தெரிந்தது. மௌனத்துக்கு இரண்டு கை உண்டு என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வைரவன் துணிச்சுருளைப் பிரித்தார். சிறிய கத்தி.

"ஒரு முறை இருக்கு," என்றார் வைரவன். "இது கோயில் கத்தி. கிடா மேல தண்ணி தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பினா உத்தரவு. சிலுப்பலேன்னா வெட்டக் கூடாது. நாயோ மாடோ, இந்தக் கத்திக்கு அதே முறைதான்."

"உத்தரவு இல்லாமல் நான் இறங்கியதில்லை," என்றது கத்தி. மெல்லிய, சுத்தமான குரல். "யார் சிலுப்புகிறார்களோ அவர்களிடம் இறங்குவேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது."

வைரவன் நாயை நடு நாற்காலிக்கு எதிரே நிறுத்தி, வாய்க்கூட்டைக் கழற்றினார். செம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்து அதன் தலையில் தெளித்தார்.

நாய் அசையவில்லை.

"நனைஞ்ச நாய் சிலுப்பாம நின்னு நான் பார்த்ததே இல்ல," என்றார் வைரவன். அரைச் செம்பை முதுகில் ஊற்றினார். தண்ணீர் வயிற்றில் வழிந்து சொட்டியது. கருப்பட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அது ஏன் நிற்கிறது என்று ஆவுடைக்குத் தெரிந்தது. ஐந்து வருஷத்துச் சொற்கள் அதனிடம் இருந்தன. சிலுப்பினால் எல்லாம் கீழே சிந்திவிடும். கொடுக்க வேண்டியவர் கையில் கொடுக்காமல் எதையும் அது இதுவரை சிந்தியதில்லை.

மூன்றாவதாக மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். நாயின் தோள் துடித்தது. தோளிலிருந்து துடிப்பு முதுகுக்கு ஓடியது. எந்த நாயும் எவ்வளவு நேரம் தாங்கும்? அது முகத்தைத் திருப்பி ஆவுடையைப் பார்த்தது. கொண்டுபோக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற அதே பார்வை.

ஆவுடை அந்தக் குளிர்ந்த கையைக் கடித்தாள்.

"ஏங்க," என்றாள்.

அது சொல்லாக வரவில்லை. துருப்பிடித்த கிணற்று உருளை போல, தொண்டை கிழிந்து, ஒரு குரைப்பாகத்தான் வந்தது. இரண்டாம் முறை சொல்லாயிற்று. "ஏங்க. வேண்டாம். வேண்டாம்னு சொல்லுங்க."

குற்றாலிங்கம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் தொண்டையிலிருந்தும் முதலில் குரைப்புதான் வந்தது. பிறகு, "நான் எப்போ வேணும்னு சொன்னேன்? நீதானே கேட்டு விட்டே?" என்றார்.

நடு நாற்காலியில் மௌனம் தலை முதல் கால் வரை நடுங்கியது. நாயின் மேல் ஊற்றிய தண்ணீர் அதன் மேலும் தெறித்திருந்தது. அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டது.

"உத்தரவு," என்றது கத்தி.

வைரவனுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. கை தானாக உயர்ந்தது, தானாக இறங்கியது என்றுதான் பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெறும் நாற்காலிக்கு மேலே, வெறும் காற்றில், ஏதோ ஒன்று அறுபட்டது.

ரத்தம் வரவில்லை. சத்தம் வந்தது.

பித்தளைப் போணி மூன்று முறை மோதியது. நாற்பது நாள் டிக் டிக்கும் கூடம் முழுக்கப் பொரிந்தது. கடுகு வெடித்தது. மெட்டி கலகலத்தது. ஒரு கிழவனின் இருமல், விட்டுப்போன இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லாம் ஓய்ந்தபின், தகரத்தில் சாரல் விழும் ஓசை கேட்டது. அதைக் கேட்டுத்தான் ஆவுடைக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கருப்பட்டி உடம்பைச் சிலுப்பியது. மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும். துளிகள் சுவரில் தெறித்தன, வைரவன் சட்டையில் தெறித்தன, இரண்டு பேர் முகத்திலும் தெறித்தன. ஆவுடையின் மணிக்கட்டில் விழுந்த துளி ஒன்று, விழுந்த இடத்தில் ஆண்குரலில் பேசியது: 'அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவகிட்ட சொல்லு.'

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"இதை எப்போ சொன்னீக?"

"மூணு வருஷம் இருக்கும். தீபாவளிக்கு மறுநாள்."

"நாய்கிட்ட."

"வேற யார்கிட்ட சொல்லச் சொல்லுதே?"

அவர் முகத்தில் விழுந்த துளிகள் என்ன பேசின என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் அந்தப் பச்சைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

வைரவன் கத்தியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "நான் எதுக்கு வந்தேன்னே எனக்கு இப்போ தெரியல. ஒரு காபி கிடைக்குமா?" என்றார்.

காபி குடிக்கும்போதே குற்றாலிங்கம் ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லணும். அன்னிக்கு நான் ஏறினது வைக்கோல் படப்பு இல்ல. மாட்டு வண்டி."

"படப்புதான்."

"வண்டிங்கேன். நுகத்தடியைப் பிடிச்சு ஏறினது இன்னும் கையில இருக்கு."

"வேட்டியில ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்தது யாரு, நானா உங்க நுகத்தடியா?"

"வண்டியிலயும் வைக்கோல் கிடந்ததே."

ஏழு வருஷப் பாக்கியை அவர்கள் ஒரே நாளில் தீர்க்கப் பார்த்தார்கள். தீரவில்லை. மறுநாளும் தொடர்ந்தது. நாய் நடு நாற்காலிக்கு அடியில் சுருண்டு, முகத்தை முன்னங்காலில் வைத்து, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்கியது. சங்கிலி தூணிலேயே கிடந்தது. வாய்க்கூட்டைப் பரணில் போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஜெபமணி டீச்சர் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நாய் குரைக்கிறதை நிறுத்திட்டீங்க. நல்ல காரியம். என்ன மருந்து போட்டீங்கன்னு கேட்கமாட்டேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் எப்போ நிறுத்துவீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. பிள்ளைகள் இப்போ படப்பா வண்டியான்னு வாய்ப்பாடு சொல்லுதுக."

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் மூன்று நாற்காலிகள் கிடந்தன. நடு நாற்காலியின் பிரம்பை மாற்றிப் பின்ன வைத்தார்கள். மூன்றாவது தட்டு அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

சில மத்தியானங்களில், சாரல் நின்று காற்றும் நின்றுவிட்ட நேரத்தில், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதுப் பிரம்பு யாரும் உட்காராமலே மெல்லக் கிறீச்சிடும். கருப்பட்டி தலையைத் தூக்கி அந்த நாற்காலியைப் பார்த்து ஒரு தரம் குரைக்கும்.

ஒரே ஒரு தரம்தான். அதற்குள் இரண்டு பேரில் ஒருவர் எதையாவது பேசிவிடுவார்.